உள்ளிக் கடுகும் ஒரு நோட்டீசும்

1. காலை ஒன்பது மணி

அன்று செவ்வாய்க்கிழமை. நான் சப்பாத்து மாற்ற முதலே அலுவலக ஃபோன் அடித்தது. எடுத்தேன். வயதானவர் ஒருவரின் குரல், நல்ல யாழ்ப்பாணத் தமிழ்.

"பிள்ளை, மல்வேர்ன் கடையில ஒரு நோட்டீஸ் பாத்தன். உந்த நம்பர்தான் போட்டுக் கிடக்குது. நீங்கள் எந்தக் கட்சி?"

"கட்சியோ? இது பூங்கா, அண்ணை."

"பூங்காவோ? பூங்காவில ஆரை வேரோட அகற்றப் போறியள்?"

நான் பதில் சொல்ல வாய் திறக்க முதல் மற்ற லைன் அடித்தது. அது ஒரு பெண். ஒரே கோபம். "நாங்கள் கனடாவுக்கு வந்து முப்பது வருசம். வேலை செய்யிறம், வரி கட்டுறம். எங்களை அகற்ற நீங்கள் ஆர்? நீயும் ஒரு தமிழ்ப் பொம்பிளைதானே? வெக்கமில்லையோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மூன்றாவது ஆள் ஓர் இளந்தாரி, மிகவும் மரியாதையானவன். "அக்கா, சனிக்கிழமை ஊர்வலத்துக்கு பஸ் விடுறியளோ?" என்று கேட்டான்.

ஐயோ மாதாவே என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். பதினொரு மணிக்குள் பதினாலு பேர் எடுத்துவிட்டார்கள்.

2. நான் ஆர், என்ன எழுதினேன்

என் பெயர் ஜெசிந்தா. மன்னார்ப் பக்கம். இலங்கையில் ஒரு தேசியப் பூங்காவில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காடு காட்டுவதுதான் என் வேலை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போவோம். பிள்ளைகள் "யானையைக் காட்டுங்கோ மிஸ்" என்று அரியண்டம் தருவார்கள். நான் யானை தின்கிற புல்லை முதலில் காட்டுவேன், யானை தன்பாட்டில் பிறகு வரும். அங்கே எனக்குப் பொறுப்பாக இருந்த சிங்கள ஐயா கொச்சைத் தமிழில் ஒன்று சொல்லுவார்: "மிஸ், மொதல் எலையைக் கையில குடு. பேர் பொறகு சொல்லு." எவ்வளவு களைத்திருந்தாலும் நான் அங்கே அந்த முறையைத் தவறவிட்டதில்லை.

கனடாவுக்கு வந்த பிறகு ஆறு வருடம் ஒரு பேக்கரி ஃபக்டரியில் பாண் பொதி செய்தேன். அது குறைந்த வேலை இல்லை. அந்தப் பாணில்தான் வீட்டு வாடகை போனது. ஆனால் மல்வேர்னிலிருந்து ஷிஃப்டுக்குப் போகிற பஸ்ஸில் வெளியே ஒரு பருந்தைக் கண்டால் அன்று முழுக்க வேலை ஓடாது. அதனால்தான், ரூஜ் ஆற்றுப் பக்கத்துக் காட்டில் தமிழில் நடை கூட்டிப்போக சீசன் கொன்ராக்டில் ஓர் ஆள் தேவை என்று கண்டதும், படிவத்தை அன்றைக்கே நிரப்பினேன். கிடைத்தது. ஐம்பத்தேழு வயதில் எனக்கு என் வேலை திரும்பக் கிடைத்தது.

ஆனால் "தமிழ் நடை" அந்த வருடம் பரீட்சார்த்தம்தான். முதல் இரண்டு நடைக்கும் நாலு பேர், ஆறு பேர். என் சூப்பர்வைசர் லின்டா மறைக்காமல் சொல்லிவிட்டார். மூன்றாவது, மே மாதச் சனிக்கிழமை களை பிடுங்கும் நாள். அதற்கு இருபது பேராவது வந்து கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் நடக்கும். இல்லையென்றால் தமிழ் நடையும் இல்லை, நானும் இல்லை. திரும்பவும் பாண்தான்.

பிடுங்கவேண்டிய களையின் பெயர் கார்லிக் மஸ்டர்ட். ஐரோப்பாவில் இருந்து வந்த செடி. நாலு இதழ் வெள்ளைப் பூ, இலையைக் கசக்கினால் உள்ளிப்பூண்டு மணம். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அது பரவின இடத்தில் ட்ரிலியம் போன்ற இந்தக் காட்டுப் பூக்கள் ஒன்றும் தலை தூக்காது. பூத்து விதை கொட்ட முதல் வேரோடு இழுக்கவேண்டும்.

ஒரே தாளில் ஒரு பக்கம் ஆங்கிலம், செடியின் வண்ணப்படத்தோடு. மறுபக்கம் தமிழ், என் கைவண்ணம். ஊரில் அரச துண்டுப்பிரசுரங்களில் படித்த சொற்களை அப்படியே எடுத்துப் போட்டேன்:

"ஆக்கிரமிப்பு இனங்களை வேரோடு அகற்றுவோம்! மண்ணின் சொந்த இனங்களைக் காப்போம்! அனைவரும் அணிதிரண்டு வாரீர்! கையுறையும் மண்வெட்டியும் தரப்படும்."

எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. கடைக்காரர்கள் தமிழ்ப் பக்கம் தெரியவேண்டும் என்று நல்ல மனதோடு ஒட்டினார்கள். செடியின் படம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

3. லின்டாவின் அறை

பகல் சாப்பாட்டுக்கு முதல் லின்டா கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஜெசி, மேலே ஒரு முறைப்பாடு போயிருக்கிறது. நீ எழுதினதை வரிக்கு வரி எனக்கு ஆங்கிலத்தில் சொல்லு."

சொன்னேன். தமிழில் இனம் என்றால் செடியின் வகைக்கும் அதுதான், மனிதரின் இனத்துக்கும் அதுதான் என்பது வாயால் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டைக்குள் பிறந்து வளர்ந்த சனத்துக்கு ஆக்கிரமிப்பையும் இனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செடியா ஞாபகம் வரும்? பாதிப் பேருக்கு அது ஊர்ப் பிரச்சினைக்கான ஊர்வலம். மற்றப் பாதிக்கு, கனடாவில் இருந்து தங்களைத் துரத்த வந்த கூட்டம்.

லின்டா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசி வரி என்ன?"

"கையுறையும் மண்வெட்டியும் தரப்படும்."

கையளவு இரும்புக் கரண்டிதான் அது. அதற்குத் தமிழ்ச் சொல் வராமல் மண்வெட்டி என்று போட்டிருந்தேன். லின்டா கையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை நிறுத்துவதுதான் நல்லது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைகளைப் பற்றி எத்தனையோ பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்த நான் அந்தப் பழமொழிக்கே உதாரணமாகிப் போனேன்.

"நோட்டீஸ் முழுவதையும் நானே போய்க் கிழிக்கிறேன். சனிக்கிழமையை மட்டும் நிறுத்தாதேங்கோ" என்று கெஞ்சினேன்.

"இதற்குப் பிறகு ஆர் வருவார்கள், ஜெசி?"

"வராவிட்டால் என் தலையில் போடுங்கோ."

சரி என்றார். ஆனால் இருபது இருபதுதான், பொய்க் கணக்கு எழுதமாட்டேன் என்றும் சொன்னார். நேர்மையான மனுசி. அன்றைக்கு அந்த நேர்மை எனக்கு எரிச்சலாக இருந்தது.

4. பாத்தீனியம்

முதலில் ஃபோன் எடுத்தவர் மல்வேர்னில் முதியோர் சங்கம் ஒன்றை நடத்துகிற தருமலிங்கம் அண்ணை. ஊரில் தபாலதிபராக இருந்தவர். வியாழக்கிழமை கூட்டத்துக்கு என்னை வரச்சொன்னார், விளக்கம் கேட்க. முப்பது பேர் தேத்தண்ணியோடு காத்திருந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய அந்தச் செடியோடு போய் நின்றேன். போன உடனே திரும்பவும் அதே பிழையைச் செய்தேன். பையைத் திறக்காமல் சொல்லைத் திறந்தேன்.

"இனம் எண்டால் இதில அந்த அர்த்தம் இல்லை. விஞ்ஞானத்தில..."

"எந்த விஞ்ஞானம்?" தருமலிங்கம் அண்ணை இடையில் வெட்டினார். "இனம் எண்ட சொல்லாலதான் பிள்ளை இதுக்குள்ள இருக்கிற முக்கால்வாசிப் பேர் வீட்டைவிட்டு ஓடி வந்தது. அதை நீர் கடைச் சுவரில ஒட்டிப்போட்டு விஞ்ஞானம் எண்டால்?"

அவர் சொன்னது முழு உண்மை. எனக்கு முகம் சுட்டது. "மன்னியுங்கோ அண்ணை, நான் யோசிக்கேல்லை" என்றேன்.

முன்வரிசையில் பரமேஸ் அன்ரி இருந்தார். எண்பதுக்குக் கிட்ட வயது, கை சும்மா இருக்காது. நான் கதைக்கிற நேரம் அவர் பைக்குள் கையை விட்டு ஓர் இலையை எடுத்துக் கசக்கி மூக்கில் வைத்தார்.

"எடி, உள்ளியெல்லே மணக்குது! உது என்ன கீரை பிள்ளை? வறை வறுக்கலாமோ?"

பை கைக்குக் கை போனது. எல்லாரும் மணந்து பார்த்தார்கள். எனக்கு அந்தச் சிங்கள ஐயாவின் முகம் ஞாபகம் வந்தது. இனி வாயைக் குறை, ஜெசிந்தா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"வறுக்கலாம் அன்ரி. ஆனா இது போன இடத்தில வேற ஒண்டையும் முளைக்க விடாது."

"அப்ப உது பாத்தீனியம்!" என்றார் அன்ரி. "எங்கட வெங்காயத் தோட்டத்தையே மூடினது, அந்தச் சனியன்."

அவ்வளவுதான். கூட்டம் உயிர்பெற்றது. ஒருவருக்குப் பாத்தீனியத்தால் கை முழுக்கச் சொறி வந்ததாம். இன்னொருவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக விட்டுப் பிடுங்கினாராம். நான் நோட்டீஸில் கத்திக் கத்தியும் சொல்ல முடியாததை ஒரு சொல் சொல்லி முடித்துவிட்டது.

ஆனால் தருமலிங்கம் அண்ணை விடவில்லை. "ஒரு கேள்வி. உது வெளிநாட்டில இருந்து வந்தது எண்டதுக்காகவோ பிடுங்குறியள்? அப்பிடி எண்டால் நான் வரேல்லை. நானும் வெளிநாட்டில இருந்து வந்தனான்தான்."

இதற்கு எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் பதில் இல்லை. "இல்லை அண்ணை," என்றேன். "உங்கட முற்றத்தில நிக்கிற ரோசாவும் வந்ததுதான், மிளகாய்க் கண்டும் வந்ததுதான். அதுகளை ஒருத்தரும் பிடுங்கச் சொல்லேல்லை. பக்கத்தில நிக்கிறதைச் சாகடிக்கிறதைத்தான் பிடுங்கிறம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், அது ஞாயம்," என்றார். "உள்ளிக் கடுகு எண்டு பேர் வையும். இனத்தை விடும்."

5. பத்தொன்பது

சனிக்கிழமை மழை. ஊற்றுகிற மழை இல்லை, ஆனால் வயதானவர்களை வீட்டில் இருத்துகிற மழை. பத்து மணிக்குக் கார்களில் வந்தவர்கள் ஏழு பேர். பஸ்ஸில் முப்பது பேரோடு வருவதாகச் சொன்ன தருமலிங்கம் அண்ணை, தன்னையும் பரமேஸ் அன்ரியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரோடு இறங்கினார்.

"மற்றவைக்கு முழங்கால் விடேல்லை, பிள்ளை" என்றார் குற்றவாளி மாதிரி.

லின்டா கையெழுத்துத் தாளை இரண்டு தரம் எண்ணினார். பத்தொன்பது.

"என்னைச் சேர்க்க ஏலாதோ?"

"வேலையாட்களைச் சேர்க்க முடியாது, ஜெசி." அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "பதினொரு மணி வரைக்கும் பார்ப்போம்."

பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன். மழையில் மண் இளகியிருந்தது, வேர் வழுக்கிக்கொண்டு வந்தது. பரமேஸ் அன்ரி ஒரு மடிப்புக் கதிரையில் இருந்தபடி சுற்றிவர ஒன்றும் விடாமல் இழுத்தார். "இவ்வளவு கீரையையும் குப்பையில போடுறதோ, பாவம்" என்று புறுபுறுத்துக்கொண்டே இழுத்தார். லின்டாவிடம் கேட்டு, பூ இல்லாமல் ஆளுக்கு ஒரு பிடி இலைக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அன்ரியின் வேகத்தைப் பார்க்கவேண்டும். பாண் பொதி செய்யப் போனாலும் பரவாயில்லை, இன்றைக்கு நான் இங்கே நிற்கிறேன் என்று அந்த நேரம் நினைத்தேன். உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க, பார்க்கிங் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மழைக்கோட்டு, தோளில் தடி பூட்டிய பெரிய பதாகை. சிவப்பு மையில் "ஆக்கிரமிப்பை நிறுத்து!"

"அக்கா, அஜின்கோர்ட்டில இருந்து வாறன். ட்ரஃபிக். ஊர்வலம் வெளிக்கிட்டிட்டுதோ?"

என் பழைய நோட்டீஸ்! அஜின்கோர்ட்டில் ஏதோ ஒரு கடையில் ஒன்றைக் கிழிக்காமல் விட்டிருக்கிறேன்.

"தம்பி, ஊர்வலம் இல்லை. இது... களை பிடுங்கிறது."

"களையோ?"

அவர் பதாகையைப் பார்த்தார். கையில் செடியோடு குனிந்து நின்ற பத்தொன்பது பேரையும் பார்த்தார். தருமலிங்கம் அண்ணை நிமிர்ந்து, "வந்தது வந்திட்டீர். குனிஞ்சு ரெண்டைப் பிடுங்கும். ஆக்கிரமிப்புத்தான்" என்றார். முதலில் பரமேஸ் அன்ரி சிரித்தார். பிறகு எல்லாரும். கடைசியில் அந்த மனிதரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வீட்டில மனிசிக்கு என்னெண்டு சொல்லுறது?"

"ஒரு பிடி இலையைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வறுக்கச் சொல்லும்!" என்றார் பரமேஸ் அன்ரி.

லின்டா ஓடிவந்து தாளை நீட்டினார். அவர் ஈரக் கையால் கையெழுத்துப் போட்டார். இருபது. நான் ஒரு மேப்பிள் மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இருபதாவது ஆளைக் கூட்டிவந்தது என்னுடைய பிழை என்பதை நினைக்க அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவர் பதாகைத் தடியைக் கழற்றி, வேர் இறுகின இடங்களில் மண்ணை நெம்பிக் கிளப்பினார். பகல் ஒரு மணி வரைக்கும் நின்றார்.

6. சுவர்ப் பக்கம்

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் என் கொன்ராக்ட் புதுப்பிக்கப்படுகிறது. இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லுவது இரண்டு விசயம். முதலில் இலையைக் கையில் கொடுங்கள், பெயர் பிறகு. எதை எழுதினாலும் அச்சுக்குப் போக முதல், அந்தத் துறை தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் பரமேஸ் அன்ரிக்கு ஃபோனில் வாசிப்பேன். அவர் "விளங்கேல்லை" என்றால் கிழித்துப்போடுவேன்.

அந்தப் பதாகையை அஜின்கோர்ட்காரர் திருப்பிக் கொண்டுபோகவில்லை. அதன் வெறும் பின்பக்கத்தில் தருமலிங்கம் அண்ணை தன் தபால்கந்தோர்க் கையெழுத்தில் பெரிதாக எழுதித் தந்தார்: "உள்ளிக் கடுகு. பூத்து விதை கொட்ட முன்னம் பிடுங்க வாருங்கோ." என் மேசைக்கு மேலே அதுதான் தொங்குகிறது. சிவப்பு எழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.