குளியல் தொட்டியில் கடல்

அம்மா போன ஆகஸ்ட்டில் இறந்தாள். பெயர் வெர்னா கிரைட்டன். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் இன்னிஸ்ஃபெயிலில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். சின்ன வயதில் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து ஓட்டிக் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். அடக்கத்தன்று மகள் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

வாழ்நாள் முழுக்கக் கடலோரத்தில் இருந்தும் அம்மா பவளப்பாறையைப் பார்த்ததில்லை. படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பாள். வருடாவருடம் பிள்ளைகளைப் படகுத்துறையில் இறக்கிவிட்டு, அவர்கள் பாறையைப் பார்த்துத் திரும்பும்வரை பேருந்திலேயே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். திரும்பி வரும் வழியெல்லாம் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் என்ன பார்த்தோம் என்று கத்துவார்கள். அவளுக்குத் தெரிந்த பவளப்பாறை அவ்வளவுதான்.

அறுபத்தெட்டாவது வயதில், பக்கத்து நகரமான கெய்ன்ஸில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், உப்புத் தண்ணீர் மீன்தொட்டி ஒன்றைப் பார்த்தாள். உள்ளே உயிருள்ள பவளம் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கூப்பிட்டபோது, "எனக்குப் பின்னாடி வந்தவர மொதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

அந்த வருட ஈஸ்டர் விருந்தில்தான் பந்தயம் வந்தது. என் அண்ணன் டேரன் பிரிஸ்பேனில் இருக்கிறான். அம்மா தனியாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. இந்த வீட்டை விற்றுவிட்டு, அவன் வீட்டுப் பக்கத்தில் முதியவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் ஒரு இடம் வாங்கலாம் என்றான். அம்மா இறாலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க பவளத்தொட்டி வைக்க விடுவாங்களா?"

"பவளத்தொட்டியா? அம்மா, நீ கள்ளிச்செடியையே சாகடிச்சவ."

"அதுக்குத் தண்ணி ஜாஸ்தியாயிருச்சு. மீனுக்கு அந்தப் பிரச்சனை வராதுல்ல."

டேரன் சிரித்தான். "சரி. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் ரெண்டு மீன், ஒரு பவளம் உயிரோட வச்சிரு. வீட்டப் பத்தி வாயே திறக்க மாட்டேன். செத்துச்சுன்னா நீ பெட்டியக் கட்டுற."

"கை குடு."

நடுவர் நான். சர்க்கரை ஆலையில் அளவுக்கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏமாற்ற மாட்டேன் என்று இருவரும் நம்பினார்கள்.

அம்மாவின் வீடு தூண்கள் மேல் நிற்கும் பழைய மரவீடு. தண்ணீரும் கல்லும் மணலும் சேர்ந்த எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரை தாங்காது. பக்கத்து வீட்டு சான்டோ சப்பாலா வந்து, தொட்டி நிற்கப்போகும் இடத்துக்குக் கீழே ஒரு தூணைக் கூடுதலாக நட்டார். கரும்புத் தோட்டத்தை மகன்களிடம் விட்டுவிட்டவர். பகலெல்லாம் அம்மாவைக் கிண்டல் செய்வதுதான் அவருக்கு வேலை.

அதற்கு நிறைய வாய்ப்புக் கிடைத்தது. புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. மீனின் கழிவை விஷமில்லாமல் ஆக்கும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் முதலில் குடியேற வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தண்ணீரும் கல்லும் விளக்கும் மட்டும்தான். அம்மா தினமும் நாற்காலி போட்டு அதன் முன்னால் உட்காருவாள்.

"வெர்னா, உன் கல்லு நல்லா வளந்துருச்சே" என்பார் சான்டோ.

"அதுக்கு உன்னவிட அறிவு இருக்கு. சும்மா இருக்கத் தெரியுது."

பிறகு கல்லெல்லாம் பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று படர்ந்தது. புதுத் தொட்டிக்கு அது வழக்கம், தானாகப் போய்விடும் என்றேன். அவள் பதறவே இல்லை. "ஸ்கூல் தொறக்குற ஜனவரியில புதுசா பஸ் ஏறுற பசங்களும் இப்படித்தான். ரெண்டு மாசம் அசிங்கம் பண்ணும். அப்புறம் சரியாயிரும்."

அவள் செய்த பெரிய தவறு வேறு. தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய, உப்புத் தண்ணீரையே கலக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் உப்பை அளந்தபோது கருவி பழுது என்று நினைத்தேன். வேறு கருவியால் அளந்தேன். அதே எண்.

"என்ன ஊத்துற?"

"உப்புத் தண்ணி. கடல் மீனுக்கு அதத்தானே ஊத்தணும்?"

"ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தாம்மா. உப்பு உள்ளயே கெடக்கு. நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "சூப்பு வத்துனா நான் உப்பா போடுறேன்? மண்டையில ஏறலயே. நல்லவேள, கல்லு மட்டுந்தான் உள்ள இருந்துச்சு."

அதற்குப் பிறகு அந்தத் தவறு நடக்கவில்லை. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் டீ போடும்போது வடிகட்டிய நல்ல தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றினாள்.

ஆகஸ்ட்டில் குளிர்காலம் முடியும்போது இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. பேருந்தின் கடைசி சீட்டில் எப்போதும் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களின் பெயரை வைத்தாள், பிரெட், வேய்ன். அதில் ஒருவர் இப்போது ஊரில் போலீஸ்காரர். அவருக்கு இது தெரியாது. பிறகு பவளம் வந்தது. மூன்று தலைகள், ஒவ்வொன்றிலும் பச்சை நுனி வைத்த விரல்கள் கொத்தாக ஆடும். அதைத் தொட்டியில் வைத்த அன்று அம்மா எனக்குப் போன் செய்தாள். ஆலையில் இரைச்சல், ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து கத்துவது போல இருந்தது.

மார்ச்சில், ஈஸ்டருக்குச் சில வாரமே இருக்கும்போது, புயல் அறிவித்தார்கள். டேரன் அம்மாவைப் பிரிஸ்பேனுக்கு அழைத்துப்போக விமானத்தில் வந்தான்.

"மீன யாரு பாத்துக்குவா?" என்றாள்.

"அம்மா, புயல் வருது!"

"தெரியும். நான் பாத்த புயல் எத்தனன்னு உனக்குத் தெரியுமா?"

அவர்கள் பேசி முடிப்பதற்குள் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். என் வீடு ஆற்றோரம், தாழ்வான இடம். நானும் துணிப்பையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் புயலுக்கு முந்தைய நாள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். முற்றத்து நாற்காலிகளை உள்ளே போடுவார்கள். பாட்டில்களில் தண்ணீர் பிடித்து உறைய வைப்பார்கள். குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்புவார்கள். குழாய் நின்றுவிட்டால் குடிக்க, சமைக்க, கழிவறைக்கு எல்லாம் அதுதான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. டேரன் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தான். தொட்டி நிறைந்திருந்தது. "பரவாயில்ல, மறக்கல" என்றான்.

காற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நடுக்கூடத்தில் மெத்தைகளுக்கு நடுவே மூவரும் உட்கார்ந்திருந்தோம். விடிந்தபோது கூரை இருந்தது. மின்சாரம் இல்லை. குழாயில் காற்று மட்டும் வந்தது. சான்டோ நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று பார்க்க வந்தார். அவருடைய மழைநீர்த் தொட்டி மூன்று வீடு தள்ளி உருண்டு கிடப்பதாகச் சொன்னார். டேரன் கேஸ் அடுப்பில் கெட்டிலை வைத்து எல்லோருக்கும் டீ போட்டான்.

சான்டோதான் முதலில் குடித்தார். கண்களை மூடிக்கொண்டு மெதுவாக விழுங்கினார்.

"டேரன், பிரிஸ்பேன்ல டீக்கு உப்பு போடுவீங்களா?"

டேரன் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினான். அம்மா சமையலறைக்கு வந்தாள். கெட்டிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"என் தண்ணியில யாருடா டீ போட்டது?"

"உன் தண்ணியா? அது குளியல் தொட்டித் தண்ணி!"

"அது மீனுக்கு. மூணு நாளா வடிகட்டி, உப்புப் போட்டு, பதம் பாத்து வச்சிருக்கேன். ஆறு சேறாப் போவும், கடல் சேறாப் போவும், கரண்டு இருக்காது. தொட்டித் தண்ணிய மாத்தணும்னா எங்க போவேன்?"

"அப்ப நாங்க எதக் குடிக்கிறது?"

அம்மா அதை யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சான்டோ சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்த நல்ல தண்ணீர் உறைய வைத்த பாட்டில்களில்தான். அவற்றுக்கும் வேறு வேலை வந்துவிட்டது. புயல் போனபின் வெயில் புழுக்கமாக ஏறியது. மீன்தொட்டியின் சூடும் ஏறியது. பவளத்துக்குச் சூடு ஆகாது. ஆகவே பாட்டில்களை மூடியோடு தொட்டியில் மிதக்க விட்டோம். பனிக்கட்டி உருகித் தண்ணீரானதும் எடுத்துத் துடைத்துக் குடித்தோம். மீனுக்குக் குளிர்ச்சி, எங்களுக்குத் தண்ணீர். மறுநாள் நகராட்சித் தண்ணீர் லாரி வரும்வரை டேரன் தொட்டி முன்னால் நின்று, "வேய்ன், கொஞ்சம் தள்ளுடா, அது என் பாட்டில்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பெரிய பிரச்சனை மீனுக்கு மூச்சுக் காற்று. பம்ப் ஓடாவிட்டால் தண்ணீர் அசையாது. அசையாத தண்ணீரில் மீன் மூச்சு முட்டிச் சாகும். முதல் நாள் மத்தியானத்துக்குள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தெருவில் சான்டோவிடம் மட்டும்தான் ஜெனரேட்டர் இருந்தது. அதில் அவருடைய இரண்டு ஃப்ரீசர்கள் ஓடின.

"என் ஃப்ரீசர்லயும் மீன்தான் வெர்னா. பன்னிரண்டு பாரமுண்டி. அதுங்க உன்னோடத மாதிரி மூச்சு முட்டுதுன்னு அழல. ஒழுங்கா படுத்துக் கெடக்கு."

"ஒரு மணி நேரம் குடு சான்டோ."

"ஒரு மணி நேரம் உனக்கு, ரெண்டு மணி நேரம் எனக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் போக மிச்சம் ரோசரியோட பியருக்கு." ரோசரி எதிர்வீட்டுக்காரர். தன் பியரைச் சான்டோவின் ஃப்ரீசரில் ஏற்கெனவே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மின்சாரம் இல்லாத அந்த இரண்டு மணி நேரங்களில் கையால்தான் செய்ய வேண்டும். ஜக்கில் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி, திரும்பத் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். விழும் தண்ணீர் காற்றை உள்ளே கொண்டுபோகும். அம்மாவுக்குத் தோள் வலி, கை ஏறாது. நான் கொஞ்சம் செய்தேன். டேரன் ஜக்கை வாங்கிக்கொண்டான். அதன்பிறகு திருப்பித் தரவில்லை.

மூன்றாம் நாள் சான்டோ வாசலில் சாய்ந்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேரன், ஒண்ணு சொல்லட்டுமா? நீ கைய நிறுத்துனா பந்தயத்துல ஜெயிச்சிருவ."

"தெரியும்" என்றான் டேரன். மொண்டான், ஊற்றினான்.

"வீட்ட வித்துரலாம்."

"சான்டோ, உங்க ஜெனரேட்டருக்கு நேரமாச்சு. போங்க."

அம்மா சமையலறையில் இருந்தாள். கேட்டிருக்க வேண்டும். ஒரு தட்டில் பிஸ்கட்டும் அதன் மேல் சீஸும் வைத்துக் கொண்டுவந்து, அவன் இரண்டு கையும் ஈரமாக இருந்ததால், சின்னப் பையனுக்கு ஊட்டுவது போல் வாயில் வைத்தாள். அவன் மென்றுகொண்டே ஊற்றினான்.

தொட்டித் தண்ணீர் கலங்கிப்போனபோது, குளியல் தொட்டியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து பாதியை மாற்றினோம். நான் அளந்தேன். உப்பு துல்லியமாக இருந்தது. டேரன் டீக்கு எடுத்த ஒரு கெட்டில் மட்டும்தான் வீணாகியிருந்தது. ஐந்தாம் நாள் மின்சாரம் வந்தது. பம்ப் முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. தெரு முழுக்கக் கை தட்டினார்கள். மின்சாரத்துக்காகத்தான், மீனுக்காக இல்லை. ஆனால் அம்மா வராந்தாவில் நின்று கை அசைத்து ஏற்றுக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு டேரன் மறுபடி வந்தான். சாப்பிடுவதற்கு முன் மூவரும் தொட்டி முன்னால் நின்றோம். பிரெட்டும் வேய்னும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பவளத்தின் மூன்று தலைகளில் ஒன்று வெறும் வெள்ளை எலும்பாகிவிட்டது.

"ஒண்ணு போச்சு" என்றாள் அம்மா. "மறைக்கல. நடுவர் சொல்லட்டும்."

பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அவசரப்படவில்லை. மிச்ச இரண்டு தலைகளிலும் விரல்கள் நீண்டிருந்தன. இறால் துண்டைக் காட்டினேன், பிடித்துக்கொண்டன.

"ஒரு பவளம்னுதான் பேச்சு. இது ஒரு பவளம். உயிரோட இருக்கு."

"அப்ப நான் தோத்துட்டேனா?" என்றான் டேரன்.

"தோத்துட்ட."

"அப்பாடா" என்றான்.

அம்மா அந்த வீட்டில் இன்னும் ஆறு வருடம் இருந்தாள். டேரன் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து கண்ணாடி துடைத்தான்; அவன் துடைப்பது சரியில்லை என்று அவள் மறுபடி துடைத்தாள். கடைசிக் காலை அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தாள். தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சான்டோதான் முதலில் பார்த்தார். எனக்குப் போன் செய்தார். "மீனுக்குச் சாப்பாடு போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்தது.

வீட்டை விற்றுவிடலாம் என்று இந்தத் தடவை நான்தான் சொன்னேன். அங்கே போனால் அந்த நாற்காலியைத் தாண்டி என்னால் உள்ளே போக முடியவில்லை. டேரன் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை அங்கிருந்தே பார்க்கிறேன் என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இன்று காலை கூப்பிட்டான்.

"கெரின், பிரெட் சரியா சாப்பிட மாட்டேங்குது."

நானும் சாப்பிடுவதில்லை.

"உப்ப அளந்தியா?" என்று கேட்டேன்.

"அளக்கத் தெரியலடி. வர்றியா?"

காரை எடுத்தேன்.