பத்துச் சுற்றும் அத்தானின் வலது காலும்

என் அக்கா கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். இருபத்திரண்டு வருடங்களில் நாலாயிரம் பேரைத் தயார் செய்திருப்பதாகச் சொல்வார், யாரும் கேட்காமலேயே. அந்த நாலாயிரத்தில் என் அக்கா இல்லை.

"இவளுக்குக் கை வராது" என்பார். நரம்பே தெரியாத கிழவர்களின் கையில் ஒரே குத்தில் ஊசி ஏற்றுகிற நர்ஸ் அவள். அவளுக்குக் கை வராதாம்.

அவருடைய பள்ளிக்கு ஒரே ஒரு கார், வெள்ளை. கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார், அத்தான் பக்கத்து இருக்கையில். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்து நேரத்துக்கு மட்டும் என்று வைத்தது. அத்தானுக்கோ உலகமே ஆபத்து. சைக்கிள் தெரிந்தால் மிதிப்பார், பூனை தெரிந்தால் மிதிப்பார், எதுவும் தெரியாவிட்டால் ஏதாவது வரும் என்று மிதிப்பார். படிக்க வந்தவர்கள் வைத்த பெயர் 'ரெண்டாவது பிரேக்'. தங்கள் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருப்பது அவர்களுக்கு லைசென்ஸ் வாங்கி, தனியாக ஓட்டிப் போய், எங்காவது சுவரில் முட்டிய பிறகுதான் தெரியவரும். நசுங்கிய பம்பரோடு வந்து நின்றால் அத்தான் கேட்பார்: "நான் பக்கத்துல இருந்திருந்தா இது நடந்திருக்குமா?" தன்னைப் பற்றிய மிகப் பெரிய குறை அது என்பது அவருக்கு இதுவரை உறைக்கவில்லை. பெருமை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலும் அந்தக் காலுக்கு ஓய்வில்லை. டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவின் முன்னால் தரையை மிதிப்பார். பஸ்ஸில் போனால் முன் சீட்டை உதைத்து வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அக்காவின் கிளினிக்கில் புதிதாக ஒரு வேலை வந்தது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். பகல் வேலை மட்டும், சின்னதாக ஒரு காரும் கொடுப்பார்கள். பதினோரு வருடம் மாறி மாறி ஷிப்ட் பார்த்துத் தேய்ந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏதாவது ஒரு பள்ளியில் ஓட்டக் கற்கச் சேர்ந்திருக்கிறாள் என்று ஒரு சான்றிதழைத் திங்கட்கிழமைக்குள் காட்ட வேண்டும், அவ்வளவுதான். எழுதித்தர வேண்டிய மனிதர் தினமும் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். இரண்டு வாரமாக "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பிள்ளைகளுக்கு வாங்கி வந்திருந்த ரேஸ் கார் செட்டைப் பிரித்தோம். கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று சொருகினால் எட்டு வடிவத்தில் ஒரு ரோடு வரும். நடுவே ஒரு பாலம். ரோட்டில் இரண்டு பள்ளக் கோடுகள். ஆளுக்கொரு கோட்டில் ஒரு குட்டிக் கார், கையில் ஒரு பிடி. பிடியில் உள்ள விசையை அழுத்த அழுத்த வேகம். வளைவில் அதிகம் அழுத்தினால் கார் பறந்து கீழே விழும். இதைப் புரிந்துகொள்ள ஏழு வயதுச் சின்னவனுக்குப் பத்து நொடி போதுமானதாக இருந்தது. பத்து வயதுப் பெரியவளுக்கு அதுகூட ஆகவில்லை.

அத்தானுக்கு நாற்பது நிமிடம் ஆனது. பிள்ளைகளின் கையிலிருந்து பிடிகளை வாங்கி வைத்துக்கொண்டு, செய்முறைத் தாளை முன்னும் பின்னும் படித்தார். "முதல்ல வண்டியைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். அப்புறம்தான் ஓட்டணும்" என்றார்.

"அப்பா, அது அரைச் சாண் கூட இல்லப்பா" என்றான் சின்னவன்.

"சின்ன வண்டியோ பெரிய வண்டியோ, ஒழுக்கம் ஒண்ணுதான். கண்ணாடி பார்த்தியா?"

"கண்ணாடி வரைஞ்சுதான் இருக்கு."

"வரைஞ்சதையாவது பாரு."

பிறகு அவரே ஓட்டிக் காட்டினார். விசையை அழுத்தினார். முதல் வளைவிலேயே சிவப்புக் கார் எகிறி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். அத்தான் சிரிக்கவில்லை. "தரை மட்டமா இல்ல" என்றார். செய்தித்தாளை மடித்து ரோட்டுக்கு அடியில் அண்டை கொடுத்தார். அடுத்த முறை அவர் ஓட்டிய நிதானத்தில் கார் பாலத்தில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. விரலால் தள்ளிவிட்டார். "இதுதான் பாதுகாப்பான வேகம்."

வேலை முடிந்து அக்கா உள்ளே வந்தது அப்போதுதான். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், "என்னங்க, நாளைக்குத் திங்கக்கிழமை. அந்த சர்டிஃபிகேட்..." என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பார்வையாளர்கள் இருந்தால் அவருக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிடும். "இந்தப் பொம்மைக் காரைப் பத்து சுத்து ஓட்டு. கீழ விழக் கூடாது. ஓட்டிட்டா இப்பவே எழுதித் தர்றேன்."

"அத்தான், நீங்க ஒரு சுத்துகூட முடிக்கல" என்றேன்.

"ஊர் சுத்துறவங்க இதுல தலையிட வேணாம்."

"பிராமிஸாப்பா?" என்றாள் பெரியவள்.

"அப்பா பேச்சு மாறுவேனா?"

அக்கா பையைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பிடியை வாங்கிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விடேன் என்று கத்தத் தோன்றியது. ஆனால் அவளுக்கு அந்தத் தாள் வேண்டும். அத்தான் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து ரோட்டை ஒட்டி, அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார், காரில் உட்காரும் அதே தோரணையில்.

மூன்று வாய்ப்பு என்று பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கினார்கள். முதல் வாய்ப்பில் மூன்றாவது சுற்றில் கார் விழுந்தது. "பார்த்தியா?" என்றார் அத்தான். இரண்டாவதில் ஆறு.

பெரியவள் அம்மாவின் காதோரம் குனிந்தாள். "வளைவு வந்தப்புறம் விடாதம்மா. வர்றதுக்கு முன்னாடியே விரலை விட்டுடு. பாதி திரும்பினதும் அழுத்து."

"ஊசி போடுற மாதிரியா?"

"அது எனக்குத் தெரியாது. மெதுவா விடு, அவ்வளவுதான்."

மூன்றாவது வாய்ப்பில் அக்காவின் விரல் மாறியிருந்தது. நீலக் கார் பாலம் ஏறி இறங்கி, வளைந்து, மறுபடி ஏறியது. சின்னவன் சத்தமாக எண்ணினான். நாலு. அஞ்சு. அத்தான் "மெதுவா, மெதுவா" என்றார். ஏழு. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. எட்டில் கார் வேகமெடுத்தது, ஆனால் ஆட்டம் காணவில்லை, கோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. ஒன்பது என்று சின்னவன் கத்தியபோது நாங்கள் எல்லோரும் முட்டி போட்டு நின்றிருந்தோம். "வேகம், வேகம், வளைவு வருது!" என்றார் அத்தான். அக்காவின் விரல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. கார் கடைசி வளைவுக்குள் அழகாகத் திரும்பியது.

அத்தானின் வலது கால் இறங்கியது.

படார் என்று ஒரு சத்தம். வளைவுத் துண்டு இரண்டாகப் பிளந்தது. நீலக் கார் துள்ளிப் போய் சோபா காலில் முட்டிக் கவிழ்ந்தது.

"விழுந்திடுச்சு" என்றார் அத்தான்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னார். கால் இன்னும் ரோட்டின் மேல்தான் இருந்தது.

"அத்தான், காலை எடுங்க" என்றேன்.

"நீங்கதானேப்பா மிதிச்சீங்க!" சின்னவனுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா முடிக்கப் போனாங்க!"

"வேகமா வந்தாடா. நான் பிரேக் போட்டேன்."

"எந்த பிரேக்?" என்றாள் பெரியவள்.

அவர் குனிந்து பார்த்தார். அங்கே பிரேக் இல்லை, உடைந்த பிளாஸ்டிக்தான் இருந்தது. ஒரு மனிதன் வெட்கப்படுவதற்கு இதைவிட வசதியான சந்தர்ப்பம் அமையாது. அதையும் அவர் தவறவிட்டார். "நான் போடலேன்னா எப்படியும் விழுந்திருக்கும்" என்றார்.

அக்கா எழுந்து யூனிஃபார்மில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். "எழுதித் தருவீங்களா, மாட்டீங்களா?"

"பத்து முடியலயே."

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். சண்டை இல்லை. பிள்ளைகள் உடைந்த துண்டை எடுத்துப்போட்டுவிட்டு மிச்சத் துண்டுகளில் ஒரு சின்ன வட்டம் போட்டு ஓட்டத் தொடங்கினார்கள். அத்தான் உபரித் துண்டு எங்கே கிடைக்கும் என்று செய்முறைத் தாளில் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஓட்டுநர் பள்ளி இருக்கிறது. நடத்துகிறவன் அத்தானிடம் படித்து மூன்று முறை தோற்று, வேறொருவரிடம் போய் முதல் முறையிலேயே ஜெயித்தவன். அத்தான் அவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை, "ரிவர்ஸ் தெரியாதவன்" என்றுதான் சொல்வார். திங்கட்கிழமை காலை கதவு திறப்பதற்கு முன்பே அக்கா அங்கே நின்றாள். அரை மணி நேரத்தில் சேர்ந்து, சான்றிதழோடு முதல் வகுப்புக்கு நாளும் வாங்கி வந்துவிட்டாள்.

அத்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். அவளும் கொடுத்தாள். தலைப்பிலிருந்து கையெழுத்து வரை விரல் வைத்துப் படித்தார். அந்தப் பள்ளியின் பெயர் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. அவர் முகத்தில் ஏதோ ஓடியது. ஒரு வார்த்தை வரும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வரும் என்று நான்கூட ஒரு வினாடி எதிர்பார்த்தேன்.

"முத்திரை கோணலா விழுந்திருக்கு" என்றார்.

அக்காவுக்கு பஸ் நேரமாகிவிட்டிருந்தது. ஒரு கையால் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே மறு கையை நீட்டினாள். அவர் விடவில்லை, இன்னும் ஏதாவது தப்பு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தாளை அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.