உப்புப் பார்ப்பது சாப்பாட்டில் சேருமா?

ஆஸ்பத்திரி எடைக் கருவியில் ஏறுவதற்கு முன் பரிதா செருப்பைக் கழற்றுவார். பிறகு வளையல்களை, பிறகு இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை. புர்காவை மடித்து நாற்காலியில் வைத்த பின், ஏதோ நினைவு வந்தவராய்க் காதுத் தோட்டையும் திருகுவார்.

"தோட்டுல என்னக்கா இருக்குது, ஏறுங்க" என்று நர்ஸ் ஆன்மேரி சிரித்தால், "இருக்கட்டும் கண்ணு, குண்டுமணி அளவு கொறஞ்சாலும் நமக்கு லாபந்தானே" என்பார். ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். எண்ணைப் பார்ப்பது ஆன்மேரியின் வேலை. 'அப்படியேதான் இருக்குது' என்று காதில் விழுந்ததும் பரிதா இறங்கி, கழற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்வார்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறார்கள். கணவர் ஷேக் தாவூத் கல்லாவில், இவர் அடுப்பில். பிரியாணி அண்டாவைத் தூக்கித் தூக்கித் தொப்புளுக்கு அருகே குடல் பிதுங்கி நிற்கிறது. எடையைக் குறைத்தால்தான் ஆபரேஷன் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து பரிதாவின் இடது கை வயிற்றை விட்டு நகர்வதில்லை. தும்மல் வந்தால்கூட மூக்கை விட்டுவிட்டு வயிற்றைத்தான் பிடிக்கிறார்.

"ஏனுங்க, கொண்டை ஊசி வளைவுல போறப்பக் கொடல் மாட்டிக்கிச்சுன்னா யாருங்க பாப்பாங்க?" என்று திடீர் திடீரெனக் கேட்பார். ஷேக் தாவூத் கல்லாவில் சில்லறையை எண்ணத் தொடங்கிவிடுவார்.

பயம் பரிதாவை அநியாயத்துக்கு ஒழுங்காக்கிவிட்டது. பனி விலகும் முன்பே ஏரியைச் சுற்றி நடக்கிறார். டீயில் சர்க்கரையை நிறுத்தியாயிற்று. அரிசிச் சோற்றுக்குப் பதில் கொட்டச்சேடு கிராமத்திலிருந்து சின்னத்தாயி விற்கக் கொண்டுவரும் சாமை. அதையும் பேத்தியின் சின்னத் தட்டில் போட்டு, பாதிக்கு மேல் கீரையும் அவரைக்காயுமாய் நிரப்பிக்கொள்கிறார். ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்கும் அழகைப் பார்த்து, "ஆடுகூட இத்தினி நேரம் அசை போடாது" என்று கணவர் கேலி செய்வார். இவ்வளவுக்கும் எடை மட்டும் பிடித்த இடத்திலேயே நிற்கிறது.

"பச்சத் தண்ணி குடிச்சாக்கூட ஒடம்புல ஒட்டுது கண்ணு. நொம்பப் பயமா இருக்குது" என்று ஆன்மேரியிடம் புலம்புவார்.

ஒருநாள் மதியம் ஆன்மேரி மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தார். சமையல்கட்டு வாசலில் நின்று பேச்சுக்கொடுத்தார். பரிதா பேசிக்கொண்டே கறிக்குழம்பை மொண்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார். உப்பு கொஞ்சம் போட்டார், மறுபடி நக்கினார். கறி வெந்ததா என்று ஒரு துண்டு. தால்சாவில் கத்தரிக்காய் குழைந்ததா என்று ஒன்று. தம் இறக்கிய பிரியாணியில் ஒரு பிடி. பாயசத்தில் இனிப்புப் பார்க்க ஒரு கரண்டி.

"அக்கா, இப்ப உள்ள போச்சே, அது என்னங்க?"

"எது? அது உப்புப் பாக்கறது கண்ணு. அது எப்பிடிச் சாப்பாட்டுல சேரும்?"

உட்கார்ந்து தட்டில் போட்டுத் தின்றால்தான் சாப்பாடு. இது பரிதாவின் தீர்மானம். ஆன்மேரி வாதம் செய்யவில்லை. ஒரு தட்டை எடுத்து, தாம் வந்து நின்றதிலிருந்து பரிதா உப்புப் பார்த்ததையெல்லாம் அதே அளவில் வரிசையாக எடுத்து வைத்தார். தட்டு நிறைந்துவிட்டது. பேத்தியின் தட்டல்ல, வாடிக்கையாளர்களுக்குப் போடும் பெரிய தட்டு. பரிதா தட்டையும் அடுப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை அடுப்பு!

"நாக்குல வெச்சுட்டுத் துப்பிருங்கக்கா."

நோன்பு மாதத்தில் அதைத்தான் செய்கிறார். நாக்கு நுனியில் தொட்டு, ருசி தெரிந்ததும் துப்பி, வாய் கொப்பளிப்பார். "அது நோம்பு, அது வேற. மத்த நாள்ல அல்லா குடுத்ததைத் துப்புனா அடுக்குமா கண்ணு?" என்று கேட்டார். உப்பே பார்க்காமல் இறக்கினாலோ? அதை நினைத்தால் குடலிறக்கத்தைவிடப் பயமாக இருந்தது. சாப்பாட்டில் ருசியில்லையென்று ஒருவன் எழுந்து போனால் ஊரே எழுந்து போய்விடும்.

மறுநாள் காலை கறிக்குழம்பு கொதித்தது. கரண்டியில் மொண்ட குழம்போடு பரிதா கல்லாப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, செத்த இங்க வாங்க."

ஷேக் தாவூத் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கல்யாணமான நாளிலிருந்து எது வைத்தாலும் 'நல்லாருக்குது' என்று சொல்லியே பழகிய மனிதர்.

"கையை நீட்டுங்க. உப்பு இருக்குதா இல்லையா, உள்ளதைச் சொல்லோணும். எனக்காவப் பொய் சொல்லிப் போடாதீங்க."

அவர் மிரண்டுபோய்க் கையை நீட்டினார். பரிதா குழம்பை அவருடைய உள்ளங்கையில் விட்டார். கரண்டி ஓரத்திலிருந்து ஒரு சொட்டு தம் விரலில் வழிந்தது. விரல் வாயை நோக்கிப் பாதி வழி போய்விட்டது. சட்டென்று அதை இறக்கி, முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.