மூன்றாவது பட்டைப் பதனீர்

“9-5-1943, ஞாயிறு காலை. உப்பளம் தாண்டிய பனங்காடு. பதனீர், மூன்று பட்டை.” என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. ‘மூன்று’க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பினாங்கில் இருக்கும் நம்மவர்களுக்கு அதை விளக்க வேண்டும்.

நமக்கு அங்கே பாளையில் வடிவதென்றால் கள் ஒன்றுதான். என் மாமா குடும்பத்தைக் கரைத்தது அதுவே. 1941இல், துறைமுகக் குமாஸ்தா வேலைக்காகத் தூத்துக்குடிக்குக் கப்பலேறியபோது, பாளையில் வடிந்த எதையும் வாயில் வைப்பதில்லை என்று உம்மா என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார். பதனீர் என்ற ஒன்றை அவரும் அறியார், நானும் அறியேன். ஜப்பான் சண்டை வந்து கடிதப் போக்குவரத்தும் நின்றுபோனது.

அந்த ஞாயிறு, உடன் வேலைபார்த்த செய்யது என்னைப் பனங்காட்டுக்கு அழைத்துப்போனான். மரத்திலிருந்து இறங்கியவர் ஓலைப் பட்டையில் ஊற்றி நீட்டினார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

“ஏன் அண்ணாச்சி, எங்க கையால வாங்க மாட்டியளோ?”

நான் பதறிப்போய், கள்ளுக்குப் பயந்தேன் என்றேன். செய்யதுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காது, போதையும் ஏறாது, இங்கே பள்ளிவாசல் இமாமே குடிக்கிறார் என்று விளக்கினான். மனிதர் மனம் நோகக்கூடாதென்று ஒரு பட்டை குடித்தேன். அப்படியொரு இனிப்பை நான் கண்டதில்லை. இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் செய்யது ஒன்றோடு வாயைத் துடைத்துவிட்டான்.

“போதும் காக்கா. ஹலாலுன்னா கொடத்தையே கவுத்தணுமா? மூச்சுவிட கொஞ்சம் எடம் வையிங்க.”

நான் கேட்கவில்லை. மூன்றாவது, வேறொரு கலயத்திலிருந்து வந்தது. நாக்கில் சுருக்கென்றது. சுண்ணாம்பு போட்டதுதானா என்று கேட்டேன்.

“போட்டதுதான்னு நெனைக்கேன். வெயிலு ஏறுதுல்லா, லேசா கடுக்கத்தான் செய்யும்” என்றார் அவர். மீதியைக் கீழே ஊற்றினேன். ஆனால் பாதி உள்ளே போயிருந்தது.

சண்டை முடிந்து, இந்த வருஷம் உம்மாவின் முதல் கடிதம் வந்தது. முதல் வரியே சத்தியத்தைப் பற்றி. முதல் பட்டையிலேயே அதை மீறிவிட்டேனா, பதனீரை அறியாமல் உம்மா கேட்ட சத்தியம் மார்க்கத்தில் ஆகுமானதைத் தடுக்குமா, எனக்குப் பிடிபடவில்லை. ‘நம்மூரில் இதை எல்லாரும் குடிப்பார்கள்’ என்று பதில் எழுதி, ‘நம்மூரில்’ என்பதை அடித்தேன். ‘இங்கே’ என்று எழுதி, அதையும் அடித்தேன். கடிதம் மேசையிலேயே கிடக்கிறது.

பனையேறியவர் சாத்தான்குளம் பக்கம் போய்விட்டாராம். இரண்டு முறை போய் விசாரித்தும் ஆள் அகப்படவில்லை. மூன்றாவது கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.