நன்னாரி ஃப்ளோட், முயற்சி 15

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, திரிந்துபோன ஐஸ்கிரீமைச் சிங்கில் கொட்டியது. ஞாயிறு மதியம், ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுச் சமையலறை. நான் தம்ளரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நன்னாரி சிரப், எலுமிச்சைச் சாறு, சோடா ஊற்றி, மேலே வெனிலா ஐஸ்கிரீம் வைத்தார். ஐந்து நிமிடத்தில் வெள்ளைத் திப்பிகள் மிதந்தன. பதினான்காவது முயற்சி.

அப்பா ஜம்புநாதன் இருபத்தாறு வருடம் ஒரு மருந்துக் கம்பெனியில் இருமல் சிரப் தயாரித்தவர். அமெரிக்கா வந்த முதல் கோடையில் ஆபீஸ் பிக்னிக்கில் ரூட் பீர் ஃப்ளோட் கொடுத்தார்கள்; போதையில்லாத வேர்ச் சோடாவில் ஐஸ்கிரீமை மிதக்கவிட்ட பானம். நம்மவர்கள் தைல நாற்றம் என்று தள்ளிவைத்தார்கள். அப்பா மட்டும், இது நம் நன்னாரிக்குச் சொந்தம் என்று இன்னொன்று கேட்டார். பிறகு தேடிப் படித்தார். ஒரு காலத்தில் இங்கே மருந்துக்கடைகளில்தான் சோடாவும் வேர்ப் பானங்களும் விற்றார்களாம். ஐஸ்கிரீம் சேர்ந்தது பிற்பாடு. ஆகவே அது தன் தொழில்தான் என்பது அவர் கட்சி. ரிட்டயரானதும் நன்னாரி ஃப்ளோட்டில் இறங்கினார். ஜூன் மாதத் தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் ஸ்டாலுக்குப் பெயரும் கொடுத்துவிட்டார்.

கோளாறு எலுமிச்சையில். நான் கெமிக்கல் இன்ஜினியர். முதல் முயற்சியிலேயே சொன்னேன். அன்றும் சொன்னேன்.

"ஆசிட் போட்டா பால் திரியும்ப்பா. உங்களுக்குத் தெரியாததா?"

"எலுமிச்சம்பழம் பிழியாத நன்னாரியா? அதுக்கு ரூட் பீரையே குடிச்சிட்டுப் போலாமே, ஜலஜா."

"அப்ப பிக்னிக்ல எல்லாருக்கும் தயிர் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. நோட்டில் '14. திரிந்தது' என்று எழுதினார். நான் தம்ளரைக்கூடக் கழுவாமல் கிளம்பிவிட்டேன். வாழ்நாளெல்லாம் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்தவர், இதில் மட்டும் பிடிவாதம். காரில் போகும்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

செவ்வாய் காலை மாரடைப்பு.

தகனம் முடிந்து வந்து நோட்டைத் திறந்தேன். திங்கட்கிழமைத் தேதியில் ஒரு வரி: '15. சாறு வேண்டாம். தோல் மட்டும்.' தோலில் வாசனை உண்டு, புளிப்பு கிடையாது. பதினான்கு தடவை வாதாடிய எனக்கு இது தோன்றவில்லை. எவ்வளவு தோல் என்று எழுதவில்லை. ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். அதுவும் இல்லை.

அவர் ஃபோனுக்குக் கடையிலிருந்து மெசேஜ் வந்தபடி இருக்கிறது. எலுமிச்சைத் தோல் சீவும் மெல்லிய துருவி ஒன்று ஆர்டர் செய்திருக்கிறார். ரூட் 18 நெடுஞ்சாலையில் இருக்கும் கடை. ஞாயிறு வரை வைத்திருப்பார்களாம். எடுத்துக்கொள்பவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்.