தொண்ணூறாம் நாள் போன்

என் மனைவிக்கு அவள் அலுவலகத்தில் 'தொண்ணூறு' என்று பெயர். வயதைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்ததாக அவள் காதில் விழவும் விட்டுவிடாதீர்கள். ஆள் கிடைக்காமல் திண்டாடும் முதலாளிகளுக்கு ஆள் பார்த்துக் கொடுத்து, வேலை பழகுவதற்கான பயிற்சிக்கும் ஏற்பாடு செய்கிற அலுவலகம் அது. முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பாதியைப் பயிற்சி உதவி என்று முதலாளிக்கே கொடுத்துவிடுவார்கள். சேர்த்துவிட்ட ஆள் தொண்ணூறு நாள் நிலைத்தால்தான் கணக்கில் ஒன்று ஏறும். எண்பத்தொன்பதாம் நாள் ஓடிவிட்டால் பூஜ்யம்.

மற்ற ஊழியர்கள் தொண்ணூறாம் நாள் முதலாளிக்குப் போன் போட்டு, ஆள் இருக்கிறாரா என்று கேட்டு, டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவள் அந்த ஆளுக்கே போன் செய்வாள். மூன்றே கேள்விகள். வேலை கை பழகிடுச்சா? அங்க யாராவது மரியாதை இல்லாம பேசறாங்களா? நாளைக்கும் போவீங்களா? மூன்றாவதற்குப் பதில் வந்ததும் "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிடுவாள். பதினோரு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் பேரிடம் கேட்டிருக்கிறாள். யாருக்காவது தொண்ணூறாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் எங்கள் சமையலறையில் இருந்தே போன் போகும். அவள் வைத்ததும் அதே குரலில் நான் நடித்துக் காட்டுவேன், கரண்டி பறந்து வரும்.

இன்னொரு கிறுக்கும் அவளுக்கு உண்டு. எந்த வேலைக்கும் ஆள் அனுப்பும் முன், ஒரு முழு நாள் அந்த வேலையைத் தானே செய்து பார்த்துவிடுவாள். பிஸ்கட் ஆலையில் ஒரு நாள் பொட்டலம் கட்டிவிட்டு வந்தவள், ஒரு மாதம் வீட்டுக்குள் பிஸ்கட் வாசனையே வரக்கூடாது என்றாள். அட்டைப்பெட்டி செய்கிறவர் ஒருவர், மூன்று வருட அனுபவம் உள்ளவர்தான் வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். இவள் போய்ச் செய்து பார்த்துவிட்டு, தனக்கு மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிட்டதே, மீதி வருடங்கள் எதற்கு என்று கேட்டாள். மனிதர் அந்த வரியை அடித்துவிட்டார்.

ஊரில் இத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் வீட்டிலேயே ஓர் ஆள் வெட்டியாக உட்கார்ந்திருந்தான். நான்தான். நூற்பாலையில் இருபத்தாறு வருடம் இயந்திரம் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஆலையை மூடிவிட்டார்கள். அவள் அலுவலகம் மூலம் போகலாம் என்றால், ஊழியரின் சொந்தக்காரர்களைத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது என்று விதி. விதி என்றால் இவளுக்கு விதிதான், அரை அங்குலம் நகர மாட்டாள். நானாகப் போய் நின்ற இடங்களிலோ ஐம்பத்திரண்டு வயது என்றதும் முகம் மாறும். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ஏழு மாதமாக யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மறைப்பானேன், எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று எல்லாம் கேட்பாள், வேலைப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டாள். என் மனம் நோகுமே என்றுதான். ஆனால் அந்த மூன்று கேள்விகளும் வாசல் தாண்டி ஊருக்கெல்லாம் போய்க்கொண்டிருக்க, நான் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாளைக்கும் போவீர்களா என்று கேட்க வேண்டுமானால் முதலில் போவதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா.

இந்தச் சமயத்தில்தான் அவள் தலையில் சலவை ஆலை விழுந்தது. மருத்துவமனை விரிப்புகளைத் துவைத்து, பெரிய சூட்டு உருளைகளில் தேய்த்துக் கொடுக்கிற இடம். ஒரே வருடத்தில் முப்பத்தொரு பேர் சேர்ந்து, ஒருவர்கூட மூன்று வாரம் தாண்டவில்லை. முதலாளி உதவித் தொகை ஒரு நாள் தாமதமானாலும் நான்கு முறை போன் செய்கிறவர். ஆட்களுக்கு உடம்பு வளையவில்லை என்பது அவர் கட்சி. இந்த முறை அனுப்பும் ஆறு பேரும் ஓடினால் அவரைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுங்கள் என்று இவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டார்.

வழக்கம்போல இவள் ஒரு நாள் போய் வேலை செய்துவிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றிய விதத்திலேயே சரியில்லை என்று தெரிந்தது. சூடு தாங்கக்கூடியதுதானாம், சம்பளம் பரவாயில்லையாம், ஃபோர்மேன் தங்கமான மனிதராம். விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, ஒரு வீச்சில் மடிப்பு நீக்கி, உருளையின் வாயில் நேராகக் கொடுக்க வேண்டும். ஃபோர்மேன் பக்கத்தில் நின்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாராம். இவள் கொடுத்தால் கோணிக்கொண்டு போய்ச் சுருண்டு, இயந்திரம் நின்றுவிடுமாம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம்.

"பதினோரு வருஷத்துல எந்த வேலையும் எனக்கு இப்படிக் கை வராம போனதில்லங்க," என்றாள். "சாயங்காலம் பாத்ரூம்ல நின்னு அழுதேன்."

கரண்டி வீசுகிறவள் அழுதேன் என்றதும் என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. எங்கள் கட்டில் விரிப்பை உருவிக் கொண்டுவந்து கூடத்தில் போட்டேன். என்னைப் பக்கத்தில் நிறுத்தி, ஃபோர்மேன் காட்டியதைக் காட்டினாள். செய்தேன், கோணியது. மறுபடியும் செய்தேன், கசங்கியது. இருபத்தாறு வருடம் தலைமுடி பருமன் நூலை ஓடவிட்ட கைகளுக்கு ஒரு விரிப்பு அடங்கவில்லை. ரோஷம் வந்துவிட்டது. அவள் கைகளை நன்றாகப் பார்க்கலாம் என்று எதிரே போய் நின்றுகொண்டேன். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, தெரிந்ததை அப்படியே செய்தேன். விரிப்பு சொன்ன பேச்சுக் கேட்டு நேராக விழுந்தது.

இருவரும் விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உங்க ஃபோர்மேன் எந்தக் கையால சாப்பிட்டார்?" என்று கேட்டேன்.

மதியம் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தாள். கரண்டி பிடித்த கையை நினைவுக்குக் கொண்டுவர இரண்டு நிமிடம் ஆயிற்று. இடது கை.

அவ்வளவுதான் விஷயம். அவர் இடது கைக்காரர். பக்கத்தில் நின்று காட்டும்போது, புதிதாக வந்தவர்கள் எல்லோரும் வலது கைக்காரர்களாக இருந்துகொண்டு, அவர் இடது கையால் செய்வதை அப்படியே தங்கள் இடது கையால் செய்யப் பார்த்திருக்கிறார்கள். எதிரில் நின்று காட்டினால் தானாகவே அவரவர் வலது கைக்கு வந்துவிடும். பழைய ஆட்கள் எப்படியோ தட்டுத்தடுமாறித் தங்கள் வழியைப் பிடித்துக்கொண்டதால் யாருக்கும் இது தோன்றவில்லை.

மறுநாள் அவள் இதைச் சொன்னபோது ஃபோர்மேன் கோபப்படவில்லையாம். துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாராம். "அப்ப அந்த முப்பத்தொரு பேரும் என்னாலதான் போனாங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவள் எதிரில் போய் நின்று ஒரு விரிப்பை நீட்டியிருக்கிறாள்.

ஆறு பேர் போனார்கள். மூன்று வாரம் தாண்டியும் ஆறு பேரும் இருந்தார்கள். இவள் அறிக்கை எழுதி, முதலாளிக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். குறையைக் கண்டுபிடித்தது யார் என்கிற இடத்தில், தன் பெயரைப் போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? 'என் கணவர், வீட்டில்' என்று எழுதியிருந்தாள்.

அதைப் படித்த முதலாளி, இந்தக் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். இயந்திரப் பராமரிப்பு, இப்போது வேலை இல்லை என்று இவள் உள்ளதைச் சொன்னாள். உருளைகளைப் பார்த்துக்கொள்ளவும் புதிய ஆட்களைப் பழக்கவும் அவரே வேண்டும் என்று மனிதர் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். வேறு யாராவது மனைவியாக இருந்தால் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இவளோ விதியை எடுத்து வைத்தாள்.

"அவரை எடுத்தா அந்த வேலைக்கு எங்க உதவி கிடையாது சார். உங்க ஃபைலையும் நான் வேற ஆள்கிட்ட கொடுத்துடணும்."

உதவித் தொகைக்கு நான்கு முறை போன் செய்கிற மனிதர் ஒரு கிளாஸ் டீ முழுவதும் யோசித்தாராம். பிறகு, "உதவி வேண்டாம் மேடம். ஆளை அனுப்புங்க," என்றாராம். தன்னால் அனுப்ப முடியாது, நீங்களே கூப்பிட்டுப் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் கூப்பிட்டார். நான் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஃபைல் இன்னோர் ஊழியர் மேசைக்குப் போயிற்று. அதோடு அந்த ஆறு பேரின் தொண்ணூறாம் நாள் போனும் கணக்கும் போயிற்று. வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

பிறகு நாட்கள் ஓடின. உருளைகளின் குணம் பிடிபட்டது. ஃபோர்மேனும் நானும் புதிய ஆட்களுக்கு எதிரும் புதிருமாக நின்று விரிப்பு வீசிக் காட்டுவதைப் பார்த்தால் ஏதோ நடன வகுப்பு என்று நினைப்பீர்கள். நாட்களை நான் எண்ணவே இல்லை.

ஒரு நாள் மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. அவள் கைபேசி எண் அல்ல, அலுவலக மேசை எண்.

"வணக்கம். நீங்க அங்க சேர்ந்து இன்னைக்குத் தொண்ணூறு நாள் ஆகுது. மூணு கேள்வி கேக்கலாமா?"

நான் எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்தப் போனுக்கு டிக் அடிக்க அவளிடம் எந்தக் கட்டமும் கிடையாது. அந்தக் குரலில் நடித்துக் காட்டியே பழகிய நான், டப்பாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேளுங்கள் என்றேன்.

வேலை கை பழகிவிட்டது என்றேன். இங்கே எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், வீட்டில்தான் கரண்டி பறக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கும் போவீங்களா?"

"போவேன்."

அடுத்து அவள் எப்போதும் சொல்கிற இரண்டு சொற்களுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதனால் நானே சொன்னேன்.

"ரொம்ப சந்தோஷம்."