முழுக்குத் துணி

முதல் தடவை போனபோது வேனில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, அம்மாவின் தம்பியான மாமா, மாமாவின் மனைவி அத்தை, நான். வண்டி ஓட்டியவர் திண்டுக்கல்லில் வேன் வைத்திருக்கும் பாய். அப்பா வரவில்லை. தை மாதத்தில் மல்லிகை கொஞ்சமாகத்தான் பூக்கும், அந்தக் கொஞ்சத்துக்குத்தான் பூ மார்க்கெட்டில் விலையும் ஏறி நிற்கும். "தோசம் பிள்ளைக்கு. செடிக்கு இல்ல. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையும் வரவில்லை. அப்படி ஒருவர் அமைய வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் போனோம்.

அக்காவுக்கு முப்பத்தொரு வயது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, வயசு வந்ததும் தாடிக்கொம்புப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் பேப்பர் படிக்கிற முதல் ஆள் நான். நான் படித்த பி.எஸ்ஸி.யும் பி.எட்.டும் அவள் நைட் ஷிப்ட் பார்த்த காசு. இன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அவளுக்கு மூன்று வரன்கள் வந்து, மூன்றும் ஜாதகத்தில் முட்டி நின்றன. நான்காவதாக ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு குடும்பம், பரிகாரத்தை முடித்துவிட்டுச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம் என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தது. ஜோசியர் சொன்ன பரிகாரம் கடல் முழுக்கு. வீட்டாரும் கூட முழுக வேண்டும். முழுகிய துணியைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். விட்டவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

எந்தக் கடற்கரை என்று எழுதவில்லை. முழுக்குக்குப் பேர்போன எந்த ஊருக்குப் போனாலும் இதே காட்சிதான். நாங்கள் போனது தை அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்து. விடிந்த வெளிச்சத்தில் முதலில் நான் பார்த்தது கடலை அல்ல, துணியை. புடவை, வேட்டி, துண்டு, சின்னப் பிள்ளைகளின் ஜட்டி, பாவாடை. அலை ஒதுக்கித் தள்ளியதில் கரை முழுக்க ஒரு வரப்பு மாதிரி கிடந்தது. மணலில் பாதி புதைந்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடக்கும்போது கால் தட்டியது. இடையிடையே பிளாஸ்டிக் குடம், சீப்பு, அறுந்த செருப்பு, யாரோ அடுப்பு மூட்டிய செங்கல், கிழிந்த தார்ப்பாய். சனங்கள் கும்பிடத்தான் வந்திருந்தார்கள். போகும்போது மட்டும் வீடு காலி செய்கிறவர்கள் மாதிரி போயிருந்தார்கள்.

கொஞ்சம் தள்ளி நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு பங்குனி ஆமை. பேர்தான் பங்குனி, தையிலேயே முட்டையிடக் கரையேறிவிடும் என்று நான் எட்டாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான். பச்சை நைலக்ஸ் புடவை ஒன்று அதன் முன்துடுப்பிலும் கழுத்திலும் சுற்றி இறுகியிருந்தது. புடவையின் மறுமுனை மணலுக்குள் ஆழமாகப் புதைந்திருந்ததால், அது கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி ஒரே இடத்தில் வட்டமாக உழன்று குழி பறித்திருந்தது. காக்கிச் சட்டைக்கு மேல் துப்பட்டாவைத் தலையில் சுற்றிய ஒரு பெண், வனத்துறையில் ஆமை சீசனுக்கு மட்டும் எடுக்கிற காவல் ஆள், மண்டியிட்டு பிளேடால் புடவையை அறுத்துக்கொண்டிருந்தாள். கடைசி முடிச்சு விட்டதும் ஆமை கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி, இழுத்து இழுத்துப் போய்விட்டது.

"முட்டை போடலையா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டுப் போடும்? குழி எடுக்கிற எடமெல்லாம் துணி."

"இனி என்ன செய்யும்?"

"இன்னொரு நாள் வந்தாலும் வரும். தாங்கலைன்னா தண்ணிக்குள்ளயே உதுத்துட்டுப் போயிரும். அது பொரிக்காது." பிளேடைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் விடத்தான வந்திருக்கீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இங்க குப்பைத் தொட்டியில போட்டாலும் நாய் இழுத்துட்டு மறுபடி மணலுக்குத்தான் வரும். முடிஞ்சா ஊருக்கே கொண்டுட்டுப் போயிருங்க. நாஞ் சொல்லி யாரு கேக்கா."

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கடலைக் கும்பிட்டு முடித்துவிட்டு, "பாவந்தான்" என்றாள். அதோடு சரி. அத்தை, "ஆமை வீட்டுக்குள்ள வந்தா ஆகாதும்பாக. நாம அதோட வீட்டுக்குள்ள வந்திருக்கம். அதுக்கும் ஆகலபோல" என்று சிரித்தார். மாமா கையில் தேங்காயோடு, "வாத்தியாரே, பாடத்த பள்ளிக்கூடத்துல எடு. இங்க முழுகு" என்றார்.

முழுகினோம். அக்கா மூன்று முறை முங்கி எழுந்து நடுங்கிக்கொண்டே நின்றாள். மறைப்புக்குப் பின்னால் மாற்றுத்துணி உடுத்திக்கொண்டு, ஈரத்துணியை அலையில் போட்டுவிட்டு, கரையில் மந்திரம் சொன்ன ஐயர் சொன்னபடி எல்லோரும் வேனைப் பார்த்து நடந்தார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம்தான் எனக்கு உதவியது. கடைசி ஆளாக நின்று, அலையில் மிதந்த ஐந்து பேர் துணியையும் அள்ளி, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கிடந்த ஒரு யூரியா சாக்கில் திணித்தேன். அம்மாவின் முதுகு, அக்காவின் முதுகு, மாமாவின் முதுகு, அத்தையின் முதுகு. ஒன்றும் திரும்பவில்லை. சாக்கை வேனின் பின்கதவுக்குள் வைத்தேன். திண்டுக்கல்லில் ஏதாவது ஒரு குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது என் கணக்கு.

மானாமதுரை தாண்டும்போது பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தம்பி, பின்னால என்னமோ சொட்டுது. டீசலா, தண்ணியா?" என்று கேட்டார்.

"தண்ணிதான் பாய்."

மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். சாக்கின் வாயில் அவருடைய கட்டம் போட்ட துண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து வீடு வரைக்கும் எனக்குத் திட்டுதான். "தொலைச்சிட்டு வாடான்னா கையில புடிச்சுக் கூட்டியாந்திருக்கியே" என்று அத்தை ஆரம்பித்தார். "இந்த ஆமை வாத்தியாரப் படிக்க வச்சது எங்கக்கா செஞ்ச மொதத் தப்பு" என்று மாமா முடித்தார். பிறகு மறுபடி அத்தை. வண்டியை அங்கேயே திருப்ப மாமா கேட்டதற்கு, சாயங்காலம் வேறு சவாரி இருக்கிறது என்று பாய் சொல்லிவிட்டார். "தோசம் ஏறுன டிக்கெட்டுக்கு நான் தனியா காசு கேக்கல, பாத்துக்கங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சாக்கை வாசலுக்குள் கொண்டுவரக் கூடாது என்றாள் அம்மா. தோட்டத்து மோட்டார் ரூமில் வைக்கலாம் என்றேன். அப்பா, "மோட்டார் கெட்டுப்போச்சுன்னா நீயா காயில் கம்பி சுத்துவ?" என்றார். எரிக்கலாம் என்றேன். உயிரோடு இருப்பவர்கள் உடுத்தியதை எரிப்பதாவது என்று அத்தை காதைப் பொத்திக்கொண்டார். துவைத்து யாருக்காவது கொடுக்கலாம் என்றேன். யாருக்கு என்று கேட்டார்கள். ரோட்டோரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலை பக்கத்துத் தோட்டத்துக்காரர் கம்பின் நுனியில் மாட்டி எங்கள் வேலியோரம் கொண்டுவந்து போட்டுவிட்டு, "உங்க சரக்கு ஒண்ணு எங்க பக்கம் வந்துருச்சு" என்றார். குப்பை வண்டியில் வருகிற அம்மாவிடம் கெஞ்சினேன். "முழுக்குத் துணியா? எம் மக மாசமா இருக்காப்பு. பழைய சோறு குடு, செத்த எலியக் குடு, எடுக்கேன். இது வேணாம்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு சாக்குத் துணி. அதை எங்கள் ஊரில் ஒரு வேலிக்கு உள்ளே வைக்க ஆளில்லை. மாசமாக இருக்கிற மகளுக்கு ஆகாது என்று ஒருவருக்கு அவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது. அதே துணி முட்டை சுமந்து வருகிற ஓர் உயிரின் வழியில் கிடக்கலாம் என்றால் அதில் யாருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. நான் இதைச் சொன்னேன், வீட்டில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். "கடல் எம்புட்டுப் பெரிசு, இந்தச் சாக்கு எம்புட்டு" என்றார்கள். அந்தக் கரையில் கிடந்த ஒவ்வொரு துணியும் அப்படிச் சொல்லிவிட்டு விடப்பட்டதுதானே?

மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், பரிகாரம் முறையாக முடிந்ததா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள் என்றார். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முடிஞ்சதுன்னு சொல்லும்மா. முழுகத்தான செஞ்சோம்."

"வேலியோரம் மூட்டைய வச்சிக்கிட்டு எப்படிச் சொல்றது? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நீ வந்து நிப்பியா?"

மாமா உடனே ஒரு கார் பேசினார். மூட்டையைத் திரும்பக் கடலுக்கே கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. என் வாழ்நாளில் இவ்வளவு முட்டாள்தனமான ஒரு பயணத்தைக் கேட்டதில்லை என்று கத்தினேன். குப்பையைச் சுமந்துகொண்டு நான்கு ஜில்லா தாண்டிப் போய், அந்த ஆமை தப்பித்துப் போன இடத்திலேயே கொட்டிவிட்டு வருவதா? பள்ளிக்கூடத்தில் பேசுகிற மாதிரி பேசினேன். அக்கா மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள்.

"முடிச்சிட்டியா?" என்றாள்.

நான் நிறுத்தினேன்.

"ஆமைக்காக இம்புட்டுப் பேசுற. எனக்காக யாருகிட்டடா பேசுன? மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனானுக. அப்பவெல்லாம் நீ ரூமுக்குள்ள பரிச்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்த." கோபமே இல்லாமல் சொன்னாள். "நான் போயிட்டு வாரேன்."

இரண்டாம் பயணத்தில் போனவர்கள் அக்கா, மாமா, கார் டிரைவர், அந்தச் சாக்கு. நான் போகவில்லை. நடந்ததை அக்காதான் சொன்னாள். கரையில் அதே காக்கிச் சட்டைப் பெண் நின்றிருக்கிறாள், இந்தத் தடவை பக்கத்தில் ரசீதுப் புத்தகத்தோடு ஓர் ஊராட்சி ஆளும். சாக்கை மாமா தோளிலிருந்து இறக்கும்போதே பிடித்துவிட்டாள். மாமா, "கடல் என்ன ஒங்கப்பன் வீட்டுதா?" என்று கேட்க, "இல்லண்ணே. ஒங்கப்பன் வீட்டுக் கிணறு இருக்குல்ல, அதுல போடுங்க" என்றிருக்கிறாள். அந்த ஆளை ரசீது கிழிக்கச் சொல்லி அபராதம் வாங்கிக்கொண்டு, மூட்டையை எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். மாமா ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காரை இன்னும் கொஞ்ச தூரம் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் விடச் சொல்லி, ஆளில்லாத கரையில் சாக்கோடு தூக்கிப் போட்டுவிட்டார். காவல் இல்லாத கரை. ஆமைக்கும் அதுதான் பிடிக்கும்.

"நீ பாத்தியா, எங்க விழுந்துச்சுன்னு?" என்று கேட்டேன்.

"திரும்பிப் பாக்கக் கூடாதுல்ல" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை விதைக்கடை வைத்திருப்பவர், பேச்சு குறைவு. அவருடைய அம்மாவுக்குப் பேச்சு அதிகம். அவருக்கு எங்கள் அக்காவைப் பிடித்துவிட்டது என்பது, காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொன்னபோதே தெரிந்தது. எங்கள் அம்மா அவர் கேட்பதற்கு முன்பே, "பரிகாரம் முறையா முடிச்சாச்சுங்க. துணியக் கடல்ல விட்டாச்சு" என்றாள்.

"சந்தோசமுங்க" என்றார் அந்த அம்மா. ஒரு முறுக்கை உடைத்தார். "எம்பட பெரிய புள்ளைக்கும் போன வருசம் அங்கதானுங்க போனமுங்க. அங்க காவலுக்கு நிக்கிற புள்ள ஊருக்கே கொண்டுட்டுப் போகச் சொல்லுச்சுங்க. செரி போச்சாதுன்னு பைக்குள்ள போட்டு எடுத்தாந்து, வீட்ல தொவைச்சு, டிராக்டர் தொடைக்க வச்சிருக்கறமுங்க. முழுக்குத்தானுங்களே கணக்கு. துணி எங்க போனா என்னங்க, சாமி துணியவா எண்ணிட்டு இருக்குது?"

மாமா முறுக்கை வாயில் வைத்தவர் மெல்லவில்லை. அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை. அக்கா மட்டும் பார்த்தாள். கண்ணில் சிரிப்பு இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை. அந்தச் சாக்கு இந்நேரம் ஏதோ ஒரு கரையில் வாய் திறந்து கிடக்கும்.

சித்திரையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அவர்கள் கார் ரோட்டில் ஏறியதும் அப்பா மாமாவிடமிருந்து சீட்டுகளை வாங்கி என் கையில் கொடுத்து, படித்தவன் கூட்டிச் சொல் என்றார். இரண்டாம் பயணம் மட்டும். கார் வாடகையும் டிரைவர் பேட்டாவும் ஆறாயிரத்து இருநூறு. டோல் முந்நூற்று எண்பது. சாப்பாடு நானூற்று அறுபது. கரையில் மறுபடியும் ஐயருக்கு ஐந்நூற்று ஒன்று. அபராதம் ஆயிரம். ஆக எட்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொரு ரூபாய்.